மாமனாரின் நாற்காலிக்கு அளவெடுத்தவள்

அளவுக்காரி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் தங்கை வாயிலிருந்துதான். "அக்கா, என் சின்னவன் ஒருத்தியைப் பாத்து வெச்சிருக்கான். தையல் கடையில வேலை. டேப்பே வேணாமாம், ஆளைப் பாத்தாலே அளவு சொல்லிடுவாளாம். அளவுக்காரின்னுதான் எல்லாரும் கூப்பிடறாங்க." பெண்ணின் அம்மா யாரென்று விசாரித்தேன். எங்கள் பெரிய அண்ணியின் ஒன்றுவிட்ட தம்பிக்கு மச்சினிச்சி. "அப்போ நம்ம சொந்தந்தான், கட்டி வை" என்றேன்.

வந்த ஒரு வாரத்திலேயே பெண் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். சாப்பாட்டு மேசைக்கு நான்கு நாற்காலிகள். தங்கையின் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் தோளில் சுமந்து வந்தவை. அவர் உட்காருவது மட்டும் துணி கிழிந்து, நடுவில் சட்டிபோலப் பள்ளம் விழுந்திருந்தது. முப்பது வருடம் பஸ் ஓட்டிய கனத்த உடம்பு அல்லவா!

"இதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கலாமே மாமா" என்றாள், நல்லெண்ணத்தில்தான்.

மனிதர் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனார். அதோடு மூன்று மாதம் கட்டிலில்தான் சாப்பாடு. அவளோடு பேச்சும் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூடச் சுவரைப் பார்த்துத்தான் கேட்பார். "அவர் மேசைக்குத் திரும்பி வரணும் அத்தை. இல்லேன்னா நான் இந்த வீட்டுல விருந்தாளிதான்" என்று தங்கையிடம் அழுதாளாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். மாமனார் முடிவெட்டப் போன நேரம் பார்த்து நாற்காலியைக் கவிழ்த்தாள். அடியிலிருந்த நான்கு திருகாணிகளைக் கழற்றியதும் இருக்கைப் பலகை தனியே வந்தது. பழைய ஆணிகளைக் குறடால் பிடுங்கிக் கிண்ணத்தில் போட்டாள். மாவாய் உதிர்ந்த ஸ்பாஞ்சைத் தட்டியதில் நானும் தங்கையும் மாறி மாறித் தும்மினோம். புது ஸ்பாஞ்சைப் பலகை அளவுக்கு வெட்டி வைத்து, பச்சைக் கட்டம் போட்ட தடித்த துணியை மேலே போர்த்தி, அடியில் மடித்து ஆணி அடித்தாள். மூலைகளில் அவள் எடுத்த மடிப்பின் அழகை இன்னும் நான் மறக்கவில்லை.

அவர் வந்தார், பார்த்தார், நின்றார்.

"உக்காந்துதான் பாருங்களேன், என்ன கௌரவம் கொறஞ்சிடும்?" என்றாள் தங்கை.

உட்கார்ந்து எழுந்தார். துணி அவரோடு கூடவே எழுந்து, சுருக்கம் சுருக்கமாக நின்றது.

அளவுக்காரியின் முகம் வெளுத்தது. "கைப்பழக்கம் மாமா. எதைத் தெச்சாலும் ரெண்டு விரல் லூஸ் விட்டுடுவேன். இல்லேன்னா மூச்சு விட முடியலைன்னு சண்டைக்கு வருவாங்க."

அவர் நாற்காலியைப் பார்த்தார். அப்புறம் சுவரை விட்டுவிட்டு அவளையே பார்த்தார். "ஏம்மா, நாற்காலி மூச்சு விடுமா? இல்ல, நான் இன்னும் வளருவேன்னு நெனச்சியா?"

தங்கைக்குத்தான் முதலில் சிரிப்பு வெடித்தது. "பக்கவாட்டுல வளந்துகிட்டுதான இருக்கீங்க!"

"நீ சும்மா இரு" என்றவர் மருமகள் பக்கம் திரும்பினார். "அந்தக் குறடை எடும்மா."

மறுபடி எல்லா ஆணியையும் பிடுங்கினார்கள். இந்தத் தடவை துணியை அவர் இழுத்துப் பிடிக்க, அவள் ஒவ்வொரு பக்கமும் நடுவில் ஓர் ஆணி அடித்துக்கொண்டு மூலையை நோக்கிப் போனாள்.

"நல்லா இழுங்க மாமா, ஸ்டியரிங்னு நெனச்சுக்கோங்க."

"நீ ஆணியைப் பாத்து அடி. என் விரலுக்கு அளவெடுக்காத."

இருக்கை மத்தளத் தோல்போல விறைத்து நின்றது. மத்தியானம் தட்டை அவரே கொண்டுவந்து மேசையில் வைத்தார். "என்ன எல்லாரும் வேடிக்கை பாக்கறீங்க? சோறு ஆறுது."

இப்போது அளவுக்காரிக்கு இரண்டு பெண்கள். தையல் கடையை விட்டுவிட்டு வீட்டிலேயே, அந்தச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்து ஜன்னலோரம் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.