அம்மா “சேவல்” என்று சொன்ன காலை

அம்மா இல்லாத முதல் பொங்கலும் முதல் தீபாவளியும் வந்து போய்விட்டன. ஆண்டுத் திதி கொடுத்த கையோடு இந்த நினைவு மலரை உங்கள் கைகளில் தருகிறோம். அண்ணன் எழுதியிருந்தால் நல்லதை மட்டுமே எழுதியிருப்பார். பொறுப்பு கடைக்குட்டியான எனக்கு வந்துவிட்டது. பெரியப்பாவைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது என்பதால், முதலில் அவருடைய மூத்த மகனிடம் கேட்டேன். “எழுதும்மா, குடும்பத்துல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே,” என்றார். அவருக்கு நன்றி.

அம்மா பிறந்தது மலாயாவில், ஜாசின் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய தந்தையை சயாமுக்கு இரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று வளர்ந்த அம்மா, சண்டை ஓய்ந்த பிறகு அப்பாவைக் கைப்பிடித்து மலாக்கா பட்டணத்துக்கு வந்தார்.

காஜா பேராங்கில், செட்டி மக்கள் குடியிருக்கும் கம்போங் செட்டிக்கு அருகே, அப்பாவின் அண்ணன் கோழிக்குஞ்சு பொரிக்கும் கொட்டகை வைத்திருந்தார். எங்கள் பெரியப்பா அவர்தான். கெட்டவர் அல்லர். தோட்டத்தில் கிடந்த தம்பியை அழைத்து வந்து, வேன் ஓட்டும் வேலை கொடுத்து, கல்யாணமும் செய்து வைத்தவர். அந்த நன்றியே பிறகு அம்மாவின் வாயைக் கட்டிப்போட்டது.

கொட்டகையின் பின்சுவரை ஒட்டிய பலகை அறைதான் எங்கள் வீடு. அதற்குத் தனி வாசல் கிடையாது. தண்ணீர் பிடிக்கப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் பெரியப்பாவின் முற்றத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். முட்டைகளை வைத்திருந்த இன்குபேட்டர் பெட்டிகளின் சூடு பகலும் இரவும் பலகை வழியாக உள்ளே வந்துகொண்டிருக்கும். “வேர்வைக்குள்ளேயே பொழச்சோம்,” என்பார் அம்மா.

கொட்டகையில் சேவல், பெட்டை என்று குஞ்சு பிரித்துக்கொண்டிருந்த சீனப் பெண்மணி கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனபோது, அந்த வேலை அம்மாவிடம் வந்தது. போவதற்கு முன் அவர் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். சிவப்புச் சேவலையும், கழுத்தில் கறுப்பு வளையம் உள்ள வெள்ளைக் கோழியையும் சேர்த்த கலப்புக் குஞ்சு என்றால் எளிது: செந்தவிட்டு நிறம் பெட்டை, வெளிர் மஞ்சள் சேவல். லெகான் எனப்படும் வெள்ளை முட்டைக்கோழிக் குஞ்சில் அந்த வித்தியாசம் இல்லை, எல்லாமே மஞ்சள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, எச்சத்தைப் பிதுக்கிவிட்டு, விளக்கடியில் பின்புறத்தை மெல்ல விரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே கடுகைவிடச் சிறிய மேடு தெரிந்தால் சேவல். அழுத்திப் பிடித்தால் குஞ்சு செத்துவிடும். அம்மா கையில் குஞ்சு செத்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம். கம்போங் செட்டிப் பெண்கள் சேர்ந்து, முட்டைக்கு லெகான் வளர்க்கலாம் என்று ஆளுக்கொரு கூடை கேட்டார்கள். பெட்டை மட்டும்தான் வேண்டும். பெரியப்பா சம்மதித்துவிட்டார். பொரித்ததில் பாதிக்கு மேல் சேவலாகப் போயிற்று.

“கூடைக்குக் கொஞ்சம் சேவலையும் கலந்து போட்டுடும்மா. இப்போ யாருக்குத் தெரியப்போவுது?” என்றார் பெரியப்பா.

“எனக்குத் தெரியுமே மாமா.”

அவர் அப்பாவைப் பார்த்தார். அன்று மாலை அறைக்குள் அப்பா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “அண்ணன் சொல்றத செஞ்சிடு புள்ள. இங்கேருந்து அனுப்பிட்டா மூணு புள்ளைங்கள கூட்டிக்கிட்டு எங்க போறது? திரும்பவும் தோட்டத்துக்கா?”

அம்மா கலந்தார். கூடைகளை வாங்க வந்தவர்கள் பெரியப்பாவைக் கேட்கவில்லை, அம்மாவைத்தான் கேட்டார்கள். செட்டி மக்கள் கும்பிடுவது நம் சாமிகளை, வீட்டில் பேசுவது மலாய். அவர்களில் மூத்தவரை எல்லாரும் பீபிக் என்று அழைப்போம். “செமுவா பெத்தினா, அடேக்?” என்று கேட்டார் அவர். எல்லாம் பெட்டைதானே தங்கச்சி என்று அர்த்தம். அம்மா “ஆமாம்” என்று தலையாட்டினார்.

சில மாதங்களில் விடியற்காலையில் கம்போங் செட்டிப் பக்கமிருந்து சேவல் கூவல் கேட்கத் தொடங்கியது. முதலில் ஒன்று, பிறகு வீட்டுக்கு வீடு. நான் அப்போது சாரோங் துணித் தொட்டிலில் கிடந்த கைக்குழந்தை. அம்மா காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார் என்று அண்ணன் சொல்வார். தண்ணீருக்குப் போவதையும் குறைத்துக்கொண்டார். போனால் யாராவது எதிரே வருவார்கள்.

பெண்கள் முறையிட வந்தார்கள். பெரியப்பா வருத்தப்பட்டுப் பேசினார்: “என்ன செய்யிறது, நம்ம பொண்ணுக்குக் கண்ணு மங்கிப் போச்சு.” அம்மா பக்கத்தில்தான் நின்றார். இல்லை என்றால் பெரியப்பா திருடர். ஆமாம் என்றால் தாம் குருடு. பேசாமல் நின்றார். அன்று முதல் அவரைக் கண் தெரியாதவர் என்றே ஊர் இரக்கப்பட்டது. பீபிக் கண்ணுக்குப் போட்டுக் கழுவ ஏதோ இலை கொண்டுவந்து கொடுத்தார். “அந்த எலைய வாங்கினப்ப செத்துப் போயிடலாம்னு இருந்துச்சு,” என்று அம்மா பின்னாளில் என்னிடம் சொன்னார்.

கெட்டுப்போன கூடைகளுக்குப் பதிலாக மறு பொரிப்பில் மலிவாகத் தருவதாகப் பெரியப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் கூடைகளிலும் கலக்கச் சொன்னார். அம்மா கலந்தார்.

வாங்க வந்த காலையில் முற்றம் நிறையப் பெண்கள். பீபிக் ஒரு குஞ்சை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, அன்பாகத்தான் கேட்டார்: “கண்ணு இப்ப பரவாயில்லையா? இனி ஜந்தான் கா, பெத்தினா?” இது சேவலா, பெட்டையா என்று.

அம்மா குஞ்சைத் திருப்பிப் பார்த்தார்.

“ஜந்தான்,” என்றார். சேவல்.

பெரியப்பா, “இங்க கொடும்மா, வெளிச்சம் பத்தல,” என்று கையை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. கூடையின் முன் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, சேவல்களைத் தரையில் விட்டுக்கொண்டே போனார். முற்றமெல்லாம் மஞ்சள் குஞ்சுகள் ஓடின. பிறகு எழுந்து, தமக்குத் தெரிந்த மலாயில், என் கண்ணுக்கு எதுவும் ஆகவில்லை, போன தடவையும் தெரிந்துதான் போட்டேன் என்றார்.

யாரும் அவரைப் பாராட்டவில்லை. ஒரு பெண் காறித் துப்பினார். பீபிக் கூடையை எடுக்காமலே போய்விட்டார். பெரியப்பா அப்பாவிடம், “பொழுது சாயறதுக்குள்ள காலி பண்ணு,” என்று மட்டும் சொன்னார். சட்டிபானை முற்றத்துக்கு வந்தது. அப்பா அம்மாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் பீபிக் திரும்பி வந்தார். கோபம் அடங்கியிருக்கவில்லை. “புள்ளைங்க என்ன தப்பு செஞ்சாங்க?” என்று மலாயில் திட்டிக்கொண்டே என்னைத் தொட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டு நடந்தார். மற்றவர்கள் பின்னால் போக வேண்டியதாயிற்று. அவர் வீட்டுப் பின்கட்டு அறையில்தான் நான் நடை பழகினேன்.

அப்பாவுக்குப் பஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. அவர் மனம் இறங்க வெகுநாள் ஆயிற்று. அம்மா ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்து எங்களைப் படிக்க வைத்தார். குஞ்சை மறுபடி கையால் தொடவில்லை. சொந்தத்தில் நல்லது கெட்டதுக்கு எங்களுக்கு அழைப்பு வருவது நின்றது. பெரியப்பா படுக்கையில் விழுந்தபோது அம்மா கேட்காமலே கஞ்சி கொண்டுபோனார். அவர் குடித்தார். இருவரும் பழையதைப் பேசவில்லை.

கடைசி மாதங்களில் அம்மா செங் என்னும் ஊரில் அண்ணன் வீட்டில் இருந்தார். நினைவு தெளிவாகவே இருந்தது. ஒரு காலையில் தேநீர் கேட்டு, அது வருவதற்குள் கண்களை மூடிக்கொண்டார்.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும், அன்று எங்களுக்குச் சமைத்துப் போட்ட பீபிக்கின் பேத்திகளுக்கும், முதல் ஆளாக வந்து நின்ற பெரியப்பாவின் பிள்ளைகளுக்கும் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அந்தக் காலையில் காறித் துப்பியவர். அப்போது அவர் புது மணப்பெண். பிறகு அம்மாவிடம் பேசவே இல்லை. தீபாவளிதோறும் அம்மா அனுப்பிய பலகாரம் அப்படியே திரும்பி வரும். “அவுங்க கோவம் நியாயம்,” என்று சொல்லிவிட்டு மறு வருடமும் அனுப்புவார். அம்மாவின் இறுதி ஊர்வலத்தில் அந்தப் பெண்ணின் மகன் வந்து, கடைசிவரை நின்றார். “மா சுரோ டாத்தாங்,” என்றார். அவருடைய தாய்தான் போகச் சொன்னாராம்.

அந்தத் தாய்க்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இந்த மலரை எடுத்துக்கொண்டு அண்ணன் அவர் வீட்டுக்குப் போய், எழுதியிருப்பதையெல்லாம் மலாயில் சொல்வார். கேட்பதும் வேண்டாம் என்பதும் அவர் விருப்பம். எதுவானாலும் அவருக்கு எங்கள் வணக்கம்.