யாருடைய பானை?

எங்கள் ஜில்லாவில் மதுவிலக்கு வந்த மறு வருஷம் இது நடந்தது. நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வாத்தியார் கேள்வி கேட்பாரே என்று பயந்து நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான்.

மழை இல்லாத அந்த வருஷம், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு பானையில் சாராயத்துக்கு ஊறல் போட்டேன். யாரோ சொல்லிப் போலீஸ் வந்துவிட்டது. யாருடைய பானை என்று கேட்டார்கள். எனக்கு வாய் வரவில்லை. ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மனைவி என்னை ஒரு தரம் பார்த்தாள். "என்னுதுங்க" என்றாள். எட்டு மாதம் தண்டனை. கோர்ட்டிலும் நான் தூணோடு தூணாகத்தான் நின்றேன்.

ஜெயிலிலேயே பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்றவர்களை இரக்கப்பட்டு முன்னதாகவே விடுவதுண்டு என்று எங்கள் மணியக்காரர் சொன்னார். மனுவும் அவரே எழுதிக் கொடுத்தார். "அங்கயும் போயி சும்மா நிக்காத. கேட்டாத்தான் வுடுவாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

ஜெயில் அதிகாரி மனுவைப் படித்தார்.

"வீட்டுல பொம்பளைங்க யாரு இருக்கா?"

"யாருமில்லீங்க. நானே பாத்துக்கறனுங்க."

"களி கிண்டுவியா?"

"கட்டி தட்டாம கிண்டுவனுங்க."

பக்கத்தில் நின்ற வார்டர் அம்மாள் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. "வயித்துப் பிள்ளையோட சாராயத்துல கை வச்சவ. வெளிய விட்டா மறுபடி செய்யமாட்டாள்னு என்ன நிச்சயம்?" என்று பேனாவை மூடினார்.

இப்போதும் நான் பேசாவிட்டால் அவள் உள்ளேயேதான். துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அவ ஒண்ணும் பண்ணலீங்க. பானை என்னுதுங்க."

என்னையும் பிடித்து உள்ளே போடுவார்கள் என்றுதான் நினைத்தேன். கோர்ட்டில் ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார். வாய் வரவில்லை என்றேன். இப்போது மட்டும் எப்படி வந்தது என்றார். உள்ளே எங்கோ ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அது என் குழந்தைதானா என்றுகூட எனக்குத் தெரியாது.

அவர் பேனாவைத் திறந்தார். "முடிஞ்ச வழக்கை நான் கிளற முடியாது. மேலே சிபாரிசு எழுதறேன். இனிமே பானையில களி மட்டும் கிண்டு" என்றார்.

மூன்று வாரத்தில் அவளை விட்டுவிட்டார்கள். வாசலில் குழந்தையை என் கையில் கொடுத்தாள். "அன்னிக்கே வாயத் தொறந்திருந்தீங்கன்னா இவ நம்ம வூட்டுலயே பொறந்திருப்பா" என்றாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு மெதுவாக, "கட்டி தட்டாம கிண்டுவீங்களாமே, வார்டரம்மா சொன்னாங்க. பாக்கத்தான போறேன்" என்றாள்.

முதல் நாள் களி முழுக்கக் கட்டி. கட்டிகளை விரலால் நசுக்கி நசுக்கிச் சாப்பிட்டாள்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. இன்றும் நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. ஆனால் எது கெட்டாலும் உடைந்தாலும், இது யார் வேலை என்று யாராவது கேட்டால், அது என் வேலையாக இருந்தால், அடுத்தவர் முகத்தைப் பார்ப்பதற்குள் நான் பதில் சொல்லிவிடுகிறேன்.