ஏழாம் இதழின் ஓவியர்

போன மாதம் ஒரு பார்சல் வந்தது. என் சிறுவயதில் தமிழில் வந்த, அமெரிக்காவில் நடக்கும் பறக்கும் வீரனின் படக்கதைகளை எல்லாம் சேர்த்து, கெட்டி அட்டையில் ஒரே தொகுப்பாக மறுபதிப்புச் செய்திருக்கிறார்கள். கடைசிப் பக்கங்களில் கதாசிரியர், ஓவியர் இருவரின் படமும் வாழ்க்கைக் குறிப்பும் இருக்கின்றன. எதையும் வரிசைப்படி படிப்பது என் வழக்கம். முதல் இதழில் தொடங்கி, ஏழாம் இதழில் நின்றுவிட்டேன். அது நான் படித்த ஏழாம் இதழ் அல்ல.

நான் படித்ததில் வெள்ளம் வரும். தகரக் கூரைகளில் ஏறி நிற்கும் ஜனங்களை வீரன் ஒவ்வொருவராகத் தூக்கிப் போய் மேட்டில் விடுவான். தொகுப்பில் இருந்ததோ ஒரு வங்கிக் கொள்ளை.

ஈஜோக் ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“வெள்ளக் கதையா? அது உங்க சித்தப்பா வரைஞ்சதுல்ல” என்றார், எனக்கு எப்போதோ தெரிந்த விஷயம்போல. “அந்த மாசம் கடைக்குப் புக்கு வரல. நம்பர் வரிசை தப்புனா நீ விடமாட்டியே. பாவம், ஞாயித்துக்கிழமையெல்லாம் குனிஞ்சே கெடந்தாரு. யாருகிட்டயும் சொல்லாதீங்க அண்ணி, பாப்பா படிச்சிட்டு என்ன சொல்றான்னு பாக்கணும்னாரு.”

“அப்புறமாவது சொல்லியிருக்கலாமேம்மா.”

“அப்புறம் என்னத்தச் சொல்ல” என்றார் அம்மா.

அப்போது நாங்கள் மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் இருந்தோம். அப்பாவின் தம்பியான சித்தப்பா செம்பனைக் குலை வெட்டினார். தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வரும் படக்கதைகள் டவுனில் ஒரே கடையில்தான் கிடைக்கும். தனித்தனியாகக் கொடுத்தால் லயத்தைச் சுற்றி வருவதற்குள் கிழிந்துவிடும் என்று, வருடம் முழுக்க வாங்கிப் பூட்டி வைப்பார். தீபாவளிக்கு முன்பு பன்னிரண்டையும் சாக்கு நூலால் தைத்து, பால்டின் பெட்டியின் அட்டையை ஒட்டி, ஒரே புத்தகமாக எங்களிடம் தருவார். தைத்த புத்தகத்தில் இருப்பதெல்லாம் அச்சடித்தது என்பதில் எட்டு வயதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏழாவதில் மை மட்டும் ஒரு மாதிரி இருந்தது. நம் ஊர் மழைக்கு ஊறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தீபாவளி லீவில் சித்தப்பா வாசலில் உட்கார்ந்து அரிவாளுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சுற்றி நின்றோம்.

“ஏழாவது எப்படி பாப்பா இருக்கு?” என்று கேட்டார். மற்ற இதழ்களைப் பற்றி அவர் கேட்கவில்லை.

எனக்குக் குஷியாகிவிட்டது. தப்புக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி. “இது வேற ஆளு வரைஞ்சது சித்தப்பா. பெல்ட்டுல நட்சத்திரமே இல்ல. அமெரிக்காவுல ஏது தகரக் கூரை? பொம்பளைங்கல்லாம் கைலி கட்டியிருக்காங்க. வீரன் தூக்கிட்டுப் போற பிள்ளைக்கு ஒரு கால்லதான் செருப்பு இருக்கு. இன்னொன்ன வரைய மறந்துட்டான்.”

“அவன் எங்க பறக்குறான்? தென்னமரத்துலேருந்து விழுறான்” என்றான் அண்ணன்.

“கடைசிக் கட்டத்துல எப்பவும் கையெழுத்து இருக்கும், இதுல இல்ல” என்றேன் நான். “இப்படி வரைஞ்சா எப்படிப் பேரு போடுவான்? வெக்கமா இருந்திருக்கும்.”

எல்லாரும் சிரித்தோம். சித்தப்பாதான் அதிகம் சிரித்தார். அரத்தைக் கீழே வைத்துவிட்டு, “கதை?” என்றார்.

“கதை பரவால்ல. அடுத்த தடவ பழைய ஆளையே வரையச் சொல்லுங்க.”

“சரிலா, சொல்லிடறேன்.”

அந்த வருடத் தொடக்கத்தில் ஆறு பெருகி லயத்துக்குள் தண்ணீர் புகுந்தது. சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் கணக்கர் கிராணியின் வீட்டு மேட்டுக்கு நடந்தார். வழியில் என் செருப்பில் ஒன்று தண்ணீரோடு போய்விட்டது. அதற்காக நான் அழுத அழுகையை லயமே பேசியது. படத்தில் அந்தப் பிள்ளையைப் பார்த்தபோது எனக்கு அது நினைவுக்கு வரவே இல்லை. செருப்பு குறைகிறது என்பது மட்டும் கண்ணில் பட்டது.

லயத்தை இடித்து எங்களை அடுக்குமாடிக்கு மாற்றியபோது அந்தப் புத்தகம் காணாமல் போனது. சித்தப்பாவும் இப்போது இல்லை. தொகுப்பின் கடைசியில் இருக்கும் ஓவியர், நல்ல கோட்டு அணிந்து, மேசையருகே சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்த தீபாவளிக்கும் சித்தப்பா புத்தகம் தைத்துக் கொடுத்தார். அதில் அந்த வருடத்து மூன்றாம் இதழுக்குப் பிறகு ஐந்தாவது இருந்தது. நான் இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, நான்காவது எங்கே என்று அவரிடம் சண்டைக்குப் போனேன்.

“அந்த மாசம் புக்கு வரல பாப்பா” என்றார்.

எனக்கு அந்தக் கடைக்காரர்மேல் ஆத்திரமாக வந்தது. அதன்பிறகு டவுனுக்குப் போகும்போதெல்லாம் அவரை முறைத்துப் பார்த்தேன்.