சத்தமில்லாத பெட்டி

லிங்கம் அண்ணாச்சிக்கு ஆறு பவர்லூம், ஒரு மாடி வீடு, இரண்டு காது. இதில் அவருக்குப் பெருமை காதைப் பற்றித்தான். அருப்புக்கோட்டையில் அவர் தெருவில் வீட்டுக்கு வீடு தறி ஓடும். அண்ணாச்சி வண்டியில் போகிற போக்கில் ஒரு வீட்டு வாசலில் வேகத்தைக் குறைத்து, "ஏலே நாகராஜு, மூணாந்தறியில பெல்ட்டு லூசா இருக்கு, பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். போய்ப் பார்த்தால் லூசாகத்தான் இருக்கும். தெருவில் அவருக்கு 'காதுக்காரர்' என்றே பெயர். அந்தப் பெயரை யாராவது சொன்னால் கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாரே தவிர, மீசை காட்டிக்கொடுத்துவிடும்.

நான் திருச்சுழிப் பக்கம். மழை பெய்தால் விவசாயம், பெய்யாவிட்டால் வேறு ஏதாவது என்பதுதான் எங்கள் பக்கத்து ஏற்பாடு. பெய்யாமல் போன ஒரு வருஷம் நான் அருப்புக்கோட்டை பக்கத்துப் பாளையம்பட்டிக்கு வந்து கம்ப்யூட்டர் கடை போட்டேன். அண்ணாச்சி வீட்டில் எது ரிப்பேர் ஆனாலும் எனக்குத்தான் போன் வரும். கிரைண்டர் நின்றாலும் எனக்குத்தான். மாரீஸ்வரனுக்குத் தெரியாத மெஷின் உண்டா என்பது அவர் நம்பிக்கை. அதைக் கெடுப்பானேன் என்று நானும் போய்விடுவேன்.

போன ஆவணியில் கடைக்கு வந்தார். பெங்களூரில் இருக்கும் அவர் மகன் அரவிந்த்குமார் மாடிக்குப் பெரிய டிவி ஒன்று வாங்கிக் கொடுத்து, ஒரு ஹார்டுடிஸ்க் நிறையப் பழைய படங்களும் அனுப்பியிருந்தான். வீட்டில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை அந்த டிவியோடு சேர்த்துப் படம் ஓட வைத்தது நான்தான்.

"ஏப்பா மாரீசு, ஒன் பெட்டி போடுற எரைச்சல்ல ஒரு வசனம் தெளிவா விழ மாட்டேங்குது. சின்னதா, சத்தமே இல்லாததா ஒண்ணு குடு" என்றார்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. எந்த ப்ராசஸர் போட்டால் பெரிய டிவியில் படம் திக்காமல் ஓடும், எவ்வளவு மெமரி வேண்டும் என்று கால் மணி நேரம் பேசினேன். அவர் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் ஒன் பாடு. சத்தம் வரக்கூடாது" என்றார்.

மூன்று பெட்டிகளோடு அவர் வீட்டு மாடிக்குப் போனேன். ஒன்று, பெரிய ஃபேன் வைத்தது. இரண்டாவது, சாப்பாட்டு டப்பா அளவு, உள்ளே குட்டி ஃபேன். எட்டு மாதமாக என் கடையில் தூசி தின்றுகொண்டிருந்தது இதுதான். மூன்றாவதில் ஃபேனே கிடையாது, சூடு முழுக்க உடம்பு வழியாகவே வெளியேறும். பிடிக்காவிட்டால் திருப்பித் தருவதாகச் சொல்லி மதுரையிலிருந்து வாங்கி வந்திருந்தேன்.

கீழே ஆறு தறியும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றையும் போட்டுக் காட்டி, "பாருங்க அண்ணாச்சி, ஒண்ணுலயும் சத்தமே இல்ல" என்றேன்.

"தறி ஓடுறப்ப ஒன் தலையில இடி விழுந்தாக்கூட எனக்குக் கேக்காது. அமாவாசைக்கு வா."

அமாவாசைக்கு அந்தத் தெருவில் ஒரு தறியும் ஓடாது. எண்ணெய்க் குளியல், கோயில், வடை பாயசம் என்று மனிதர்கள் இருப்பார்கள், மெஷின் மட்டும் வாய் திறக்காது. அவ்வளவு விவரமான ஆளிடம் வியாபாரம் செய்வது கஷ்டம் என்று புலம்பிக்கொண்டே அமாவாசை அன்று காலையில் போனேன்.

அண்ணாச்சி குளித்து, விபூதி பூசி, தீர்ப்பு சொல்ல உட்காருகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மூன்றிலும் ஒரே படத்தை, டிவி சத்தத்தை அடைத்துவிட்டு, ஒவ்வொன்றாக ஓட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

முதல் பெட்டிக்கு முகம் சுளித்தார். "உறுமுது. எடு."

இரண்டாவதைப் போட்டேன். போட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. குட்டி ஃபேன் மெல்லிசாக, விடாமல், கிய்ய்ங் என்று கத்திக்கொண்டிருந்தது. போச்சு என்று நினைத்தேன். அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இதுதான்யா பெட்டி! மூச்சே விடல பாரு. இதையே வை."

கிண்டல் செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். எட்டு மாதத் தூசி ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்போதுதான் அண்ணாச்சியின் சம்சாரம் முத்துலட்சுமி மதினி வடைத் தட்டோடு மாடிக்கு வந்தார். பின்கட்டில் தனியாக உட்கார்ந்து தறிக்கு நூல் தார் சுற்றுகிறவர், தறி அறைக்குள் அதிகம் வந்ததில்லை. தட்டை வைத்ததும் காலில் ஒரு அடி, கழுத்தில் ஒரு அடி அடித்துக்கொண்டார்.

"என்ன இது, பட்டப்பகல்ல கொசு இந்தக் கத்து கத்துது?"

"கொசுவும் இல்ல ஒண்ணும் இல்ல. போடி."

"காதுக்குள்ளேயே வந்து கத்துதுங்க."

இருவருக்கும் சண்டை முற்றினால் தாய்மொழியான கன்னடத்துக்குப் போய்விடுவார்கள். எனக்குப் புரியாது என்று நினைப்பு. ஐந்து வருஷமாக அந்த வீட்டில் காப்பி குடிக்கிற எனக்கு, மதினி அவரை என்ன சொன்னார் என்று நன்றாகவே புரிந்தது. அதை எழுத முடியாது.

"இந்தா, நீயே பாரு" என்று அண்ணாச்சி அந்தப் பெட்டியைத் தூக்கிக் காட்டப் போனார். கை பெட்டியின் மேல் பட்டது. தூக்கவில்லை. அப்படியே நின்றது. நாற்பது வருஷமாக ஓடுகிற மெஷினைத் தொட்டுப் பார்த்த கை.

"மாரீசு, நிறுத்து."

நிறுத்தினேன்.

"இப்ப கொசு இருக்கா?" என்று மதினியிடம் கேட்டார்.

"போயிருச்சு."

"மறுபடி போடு."

போட்டேன். கிய்ய்ங் என்றது. மதினி என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அதன் மேல் இருந்த கையைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"இப்பவும் இல்லங்க" என்றார்.

"பொய் சொல்லாத. கையில அதிருது." என் பக்கம் திரும்பினார். "ஒனக்குக் கேக்குதா?"

"கேக்குது அண்ணாச்சி."

"மொதல்லேருந்தேவா?"

"ஆமா."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பெட்டியிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஒரு வடையைப் பிய்த்து, தின்னாமல் வைத்திருந்தார். எனக்கு மனசு என்னமோ போல் ஆகிவிட்டது.

"மூணாவதை வை. மெல்லிசு சத்தத்தையெல்லாம் இந்தத் தறி தின்னுருச்சு, உறுமாத பெட்டியெல்லாம் எனக்கு இனிமே சத்தமில்லாத பெட்டிதான். அவளுக்குக் கேக்குதுல்ல, அவளுக்காக வை" என்றார்.

நான் குனிந்து வயர்களை மாற்றிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் மதினி மறுபடி கன்னடத்துக்குப் போனார். இந்தத் தடவை சண்டை இல்லை, குரல் தணிந்திருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"அப்ப இத்தனை வருஷமா பின்கட்டுலேருந்து நான் கூப்பிட்டது, நெசமாவே உங்களுக்குக் கேக்கலயா?"

"நீ எங்க கூப்பிட்ட?"

"தெனமும் கூப்பிட்டேன். வேணும்னே பேசாம இருக்கீகன்னு நெனைச்சு, வாய்க்கு வந்தபடியெல்லாம் வஞ்சேனே..."



"அதுவும் கேக்கல" என்றார் அண்ணாச்சி.