கும்பிடாத கை

நகரியில் விசைத்தறி ஓட்டும் துர்காதேவிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். திருவிழாக் கூட்டத்தைக் காக்கும் தொண்டர் பயிற்சிக்காகத் திருப்பதிக்குப் போனாள். அங்கே மெய்நிகர் காட்சி காட்டும் விஆர் கண்ணாடியை மாட்டி, அந்தக் காட்சிக்குள் ஆட்களைப் பிடிக்க இரண்டு கைகளிலும் கருவி கொடுத்தார்கள். கண்ணாடிக்குள் நெரிசலில் ஒரு கிழவி சரிந்தாள். அவளைப் பிடிக்க வேண்டும். அதற்குள் கோபுரம் தெரிய, துர்காதேவி கருவிகளைப் போட்டுவிட்டுக் கும்பிட்டாள். கிழவி மிதிபட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒரு உசுரு போயிருக்குது, இன்னா சிரிப்பு உங்களுக்கு?" என்று சீறினாள்.

திருவிழாவன்று நடை திறந்ததும் கூட்டமே கைகூப்பியது. அவள் மட்டும் தடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

"சாமியப் பாத்தும் கும்பிடலியே, பக்தியே இல்லியா?" என்றார் முண்டியடித்த ஒருவர்.

"நானும் கும்பிட்டுக்கினு நின்னா, நீ விழறப்போ யாருய்யா புடிக்கிறது?"