ஏகாம்பரம் கேட்கும் முதல் கேள்வி

ஐந்தாம் பாரம் வகுப்புப் பையன்களுக்கு அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருந்தேன். பியூன் வாசலில் வந்து நின்று, "ஏகாம்பரம் வாத்தியார் பூட்டாரு சார். மார்வலியாம்" என்றான். போர்டில் பாதியில் நின்ற கணக்கை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரோடு பழகிய உங்களுக்கு இது புரியும்.

ஒரே பள்ளியில் நாங்கள் இருவரும் கணக்கு வாத்தியார்கள். ஒன்று நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று பார்க்கும் சாத்தியக் கணக்கு என்று வந்துவிட்டால் மட்டும் எலியும் பூனையும். பலமுறை சோதித்து எண்ணிப் பார்த்ததைத் தவிர வேறெதையும் நம்பக் கூடாது என்பது என் கட்சி. முன்பே தெரிந்ததையும் சேர்த்துக்கொள், சோதனை வர வர அதைத் திருத்திக்கொண்டே போ என்பது அவர் கட்சி.

பட்டுநூல் வியாபாரி ஒருவர், புதுச் சாயம் நிற்குமா என்று எங்களிடம் கேட்டார். நான் வெந்நீரில் போட்ட நூல் எதுவும் சாயம் விடவில்லை. நல்ல சாயம் என்றேன். ஏகாம்பரம் நூலைத் தொடவே இல்லை. "யாரு தோய்ச்சதுபா? அந்தாளு சாயம் போன தடவ என்னா ஆச்சு? சோதிக்கறதுக்கு முன்னாடி உனக்கு என்னா தெரியும், அத்த மொதல்ல சொல்லு" என்றார். வியாபாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நூலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போன ஆண்டு அவருக்கு விடாத இருமல். அப்பாவும் அண்ணனும் காசநோயில் போனவர்கள். ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பச் சளியைச் சோதித்து, ஒன்றுமில்லை என்றார்கள். ஆனாலும் தன் ஒரே மகளை அவர் கிட்டே விடவில்லை. கூடத்துத் தூணருகே நின்றுதான் அவள் பேச வேண்டும். எனக்குக் கோபம் வந்தது.

"சோதனைதான் சுத்தமா இருக்குதே, கொழந்தையத் தூக்குய்யா!"

"சந்தேகம் கொறஞ்சிக்கினுதான் வருது, இல்லேங்கல. இன்னும் போவலையே. ஆயிரம் பேரப் பத்திக் கேட்டா உன் கணக்கு பேசும்பா. நான் ஒருத்தன். என்னப் பத்தி அது வாயத் தொறக்குமா?"

எனக்கு அலுத்துப்போயிற்று. அவருக்கும்தான்.

அவர் இறந்த அன்று அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, மகள் அதே தூணருகே நின்றிருந்தாள். "இப்ப கிட்ட போலாமா மாமா?" என்று கேட்டாள். போகலாம் என்று ஓராண்டாக வாதாடியவன் நான். ஆனால் அந்த நேரத்தில் அவருடைய அண்ணன் இருமியதுதான் நினைவுக்கு வந்தது. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காசநோய் அவருக்கு இருந்ததா என்பது இனித் தெரியப்போவதில்லை. முன்னாடி உனக்கு என்ன தெரியும் என்ற அந்தக் கேள்விதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. சண்டைக்கு ஆளில்லை. இரண்டு கட்சியையும் இனி நானே பேச வேண்டும்.