நகத்தால் பார்த்தவர்

பிள்ளைகளே, எதிரியின் ரேடாருக்குச் சிக்காமல் பறக்க வேண்டிய நம் நாட்டு ட்ரோன் ஒன்றுக்கு, கும்மிடிப்பூண்டியில் உங்கள் அப்பா நான் வேலை செய்யும் கம்பெனியில்தான் இறக்கை செய்தோம். அதைச் சோதிக்க ஒரு மேடம் வந்தார். ஒல்லியான உருவம், என்னைவிட வயதில் சின்னவர். கருவியால் அளந்த பிறகும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு இணைப்பையும் நகத்தால் தடவிப் பார்ப்பார்.

ஓரிடத்தில் நகம் நின்றது. மயிரிழை அளவு துருத்திய ஸ்க்ரூவை நான் பட்டி பூசி மறைத்திருந்த இடம் அது.

"பெயின்ட் அடிச்சா ஒண்ணும் தெரியாது மேடம். இறக்கைய ஏத்திக்கினு போக வண்டி வேற நின்னுகினு இருக்குது," என்றேன்.

"நம்ம கண்ணுக்குத் தெரியாதுண்ணா. ரேடாருக்கு இந்த மேடு ஒண்ணு போதும், காட்டிக் குடுத்துடும்." கோபமே இல்லாமல், சரிசெய்ய வேண்டிய இடம் என்பதற்கு அடையாளமாக அதன்மேல் சிவப்பு டேப் ஒட்டினார். "வேற எங்கனா இருக்குதாண்ணா?"

"இல்ல மேடம்."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க சொன்னா சரி," என்று டேப்பை என் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். தெரிந்துதான் வைத்தாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஷெட்டில் யாரும் இல்லை. இறக்கைக்கு அடியில் குனிந்து, நான் மறைத்திருந்த இன்னொரு ஸ்க்ரூவின்மேல் நானே டேப்பை ஒட்டினேன்.